பனியில் கருகிய வெற்றிலை

என் மூத்த மகளின் கல்யாணத்துக்கு சுவிஸில் இருக்கிற என் மனைவியின் ஒரே அண்ணனை நான் வாட்ஸ்அப்பில் அழைத்தேன். இதை இவ்வளவு காலமும் வெளியில் சொன்னதில்லை. அவருக்கென்று தனியாக ஒரு செய்தி போட்டிருந்தாலாவது மன்னிப்புக்குக் கொஞ்சம் இடமிருந்திருக்கும். என் கைபேசியில் இருந்த பெயர்களையெல்லாம் ஒரேயடியாகத் தெரிவுசெய்து, 'அன்புடையீர்' என்று தொடங்கும் அழைப்பிதழின் படத்தை அனுப்பிவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்தேன். அந்தப் பெயர்களில் எங்கள் மாடியின் தண்ணீர்த் தாங்கியையும் குழாய்களையும் திருத்துகிற களனி சுனிலும் இருந்தார். சுனில் வந்தார். மனைவி, பிள்ளைகள், மாமியார் சகிதம் வந்து மணமக்களை வாழ்த்தி, பாயசத்தை மூன்று தரம் வாங்கிக் குடித்தார். மச்சான் வரவில்லை.

வெள்ளவத்தையில் கல்யாணத்துக்கு அழைப்பது செருப்புத் தேயும் வேலை. மேல்மாடிக்காரருக்குக்கூட, கணவனும் மனைவியுமாகப் போய், உட்கார்ந்து, அவர்கள் தருகிற தேநீரைக் குடித்து, வெற்றிலை வைத்த தட்டத்தோடு அழைப்பிதழை நீட்டி, "கட்டாயம் வரவேணும்" என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. டெலிபோன் எடுத்துச் சொன்னால் போதும். ஆனால் அட்டை அச்சுக்குப் போகுமுன் சொல்ல வேண்டும். முதலில் குடும்பத் தலைவன் சொல்ல வேண்டும். முதல் அழைப்பு பெண்ணின் தாய்மாமனுக்குப் போக வேண்டும். எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். இந்தச் சடங்கால் காலி வீதியில் எவ்வளவு பெற்றோல் வீணாகிறது என்று பத்திரிகையில் ஒரு நகைச்சுவைக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். வாசகர்கள் ரசித்தார்கள் என்று ஆசிரியர் சொன்னார்.

"அண்ணாவுக்குச் சொல்லியாச்சோ?" என்று மனைவி மாலினி கேட்டபோது, சொல்லியாச்சு என்றேன். பொய்யில்லை. கைபேசியில் இரண்டு நீலக் கோடுகள் சாட்சிக்கு நின்றன. அதன் பிறகு அவள் எடுத்த அழைப்புகளுக்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர அவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தூரத்து உறவினர் நின்றார். கல்யாண அல்பத்தில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மாலினி இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டுவாள்.

ஆறு வருடங்கள் போயின. அண்ணனும் தங்கையும் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார்கள். "இவர் பக்கத்தில நிக்கிறார், குடுக்கட்டோ?" என்று அவள் கேட்கும்போது மட்டும் ஆல்ப்ஸ் மலையில் சிக்னல் அறுந்துவிடும்.

இப்போது சின்னவளின் கல்யாணம் மாசியில். மாலினி நிபந்தனையைச் சோற்றைப் பரிமாறியபடியே சொன்னாள்.

"நீங்கள் நேர போய் அண்ணாட கையில குடுங்கோ. அவர் ஓம் எண்டாப் பிறகுதான் கார்ட் அடிக்கிறது."

"சுவிஸுக்கோ?"

"இல்லை, பக்கத்துத் தெஹிவளைக்கு."

அப்படித்தான் பொங்கல் முடிந்த கையோடு நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நான் பிறந்து வளர்ந்த தெருவிலேயே இருக்கிற அச்சகக்காரரிடம் ஒரேயொரு அழைப்பிதழ் அடித்துத் தரச் சொன்னேன். எத்தனை என்று அவர் இரண்டு தரம் கேட்டார். பிறகு, கடன்பட்டுக் கல்யாணம் செய்கிறவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு அடித்துத் தந்தார்.

கொம்பனித்தெரு நண்பர் ஒருவர் தன் ஜாக்கெட்டை இரவல் தந்தார். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகிற கொழும்புக்காரர்கள் படம் எடுக்கும்வரை போட்டிருந்துவிட்டுக் கழற்றுகிற வகை ஜாக்கெட் அது. மாலினி ஒரு துணிப்பையில் சிறிய பித்தளைத் தட்டம், குங்குமச் சிமிழ், சந்தனம் எல்லாம் வைத்துத் தந்தாள். அழைப்பிதழ் மட்டும் நெஞ்சோடு இருக்க வேண்டுமாம். கலண்டரையும் பார்த்திருந்தாள். வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். வெள்ளி அட்டமி. சனி நான் திரும்புகிற நாள். பத்து மணி என்பது கொழும்பு நேரமா, சுவிஸ் நேரமா என்று கேட்டேன். கால் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊர் நேரம் என்று தீர்ப்பு வந்தது. உலக நேரத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை. சுவிஸில் ரயில் மாறுகிற பட்டணத்தில் ஒரு தமிழ்க் கடை இருந்தது. அங்கே வெற்றிலை வாங்கினேன். வெள்ளவத்தைச் சந்தையில் கிடைப்பதைவிடப் பசுமையாக இருந்தது. கடைக்காரர் ஈரக் கடதாசியில் சுற்றித் தந்தபடி, எந்த ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அப்படியொரு ஊர் இருக்கிறதா என்று தன் மனைவியிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

இங்கேயும் அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மச்சானின் வேண்டுகோள் அது. எழுதினால் வெள்ளவத்தையிலிருந்து ஆட்கள் வந்து சத்தம் போடுவார்களாம்.

கடைசிப் பகுதி பஸ். எங்கள் பஸ்ஸில் சாரதியின் தலைக்குமேல் புத்தர், பிள்ளையார், மாதா எல்லோரும் வண்ண வெளிச்சத்தில் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் தேவைப்படுகிற வளைவுகளில் இந்தச் சாரதி ஒற்றைக் கையால், தனியாக ஓட்டிக்கொண்டு போனார். பயணிகள் நான்கு பேர். யாரும் யாரோடும் பேசவில்லை. நடத்துநர் இல்லை, பாட்டு இல்லை, கடலை விற்கிறவர் இல்லை. சாவு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

இறங்குகிற இடத்தில் மச்சானின் மனைவி தேவி அக்கா காத்திருந்தார். நான் சுவிஸ் பனியில் முதல் காலை வைத்தேன். இரண்டாவது காலை வைக்கவில்லை, அது தானாகப் போய்விட்டது. மல்லாந்து கிடந்த என்னைப் பார்த்துச் சாரதி தேவி அக்காவிடம் ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார். சாரதி இன்னொரு தரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கதவை மூடினார். என்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

"இவர்தானோ அவர் எண்டு கேட்டவர்."

என் எழுத்து இங்கேயும் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்கு மறுநாள் பதில் கிடைத்தது.

மச்சானின் பெயர் குணசீலன். ஊருக்கு அவர் குணா. இருபது வயதில் கொழும்பை விட்டவர், இப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். மலையடிவாரத்தில் பனியில் சறுக்க வருகிறவர்களை மேலே இழுத்துச் செல்கிற கயிற்று லிஃப்டை முப்பது மாரிகாலங்களாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் வீட்டுக்குள் போனபோது "வாரும்" என்றார். பிறகு தொலைக்காட்சியில் வானிலை பார்த்தார். அது முடிந்ததும் இன்னொரு சனலில் அதே வானிலையைப் பார்த்தார். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. தெரியாதவர் போல ஒருவர் இருக்க, தெரியும் என்று தெரிந்த மற்றவரும் தெரியாதவர் போல இருப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை.

சாப்பாடு மட்டும் பேசியது. அவித்த உருளைக்கிழங்கின் மேல் உருகிய சீஸை வழித்து ஊற்றி, அதன் தலையில் காரமான கட்டைச் சம்பலை வைத்துத் தந்தார் தேவி அக்கா. இரண்டு நாட்டுக்கும் இடையில் இதைவிட நல்ல ஒப்பந்தம் இருக்க முடியாது. நான் கொண்டுபோன மிளகாய்த்தூளும் கருவாடும் பருத்தித்துறை வடையும் அவருடைய குளிர்சாதனப் பெட்டியை நிரப்பியிருந்தன. அயலவர், நண்பர், நண்பரின் அயலவர் எல்லோரும் பார்சல் தந்திருந்தார்கள். வெள்ளவத்தையில் பயணம் போவதை வெளியில் சொல்கிறவனுக்குத் தன் உடுப்புக்கு இடம் கிடைக்காது.

புதன்கிழமை. ஊரைப் பார்க்கப் புறப்பட்டேன். ஏழு நிமிடத்தில் ஊர் முடிந்துவிட்டது. ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, மூடியிருந்த ஒரு தபாலகம், வேலி மரங்கள், அதற்கு மேல் வெள்ளை. படங்களில் வருகிற பெரிய ஹோட்டல்கள், கண்ணாடிக் கூண்டுகள் எதுவும் இல்லை. ஒரு லிஃப்ட், ஒரு சரிவு, சரிவின் கீழே மரத்தாலான ஒரு சூப்புக் கடை. அவ்வளவுதான். ஒரு மரக்கிளையிலிருந்து பனி விழுந்த சத்தம் கேட்டது. என் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து நின்றேன். காலி வீதிக்கும் கடற்கரை ரயிலுக்கும் நடுவில் முப்பது வருடம் குடியிருந்த காது. அதற்கு அமைதியை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

மச்சான் செம்மஞ்சள் ஜாக்கெட்டில் லிஃப்டின் அடியில் நின்றார். மேலே ஓடுகிற கம்பியிலிருந்து தலைகீழ் நங்கூரங்கள் போன்ற தண்டுகள் தொங்கி வந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து, காத்திருப்பவரின் பின்புறத்தில் பொருத்தி அனுப்பினார். சிறுவர்களுக்கு முதுகில் ஒரு தட்டு, கிழவர்களுக்கு ஒரு சொல். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் வானிலை மட்டும் பார்த்த மனிதர் இங்கே சிரித்தார், விசாரித்தார், யாரோ ஒருவரின் முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டார். நான் கையசைத்தேன். அவர் அடுத்த நங்கூரத்தைப் பிடித்தார்.

சூப்புக் கடையை நடத்துகிறவர் மார்த்தா. எழுபதுக்கு மேற்பட்ட விதவை. தேவி அக்கா அவரோடு வேலை செய்கிறார். அங்கே வாற்கோதுமை சூப் குடித்தேன். முதல் வாயிலேயே ஒரு பழகிய வாசனை. ஒரு சிட்டிகை எங்கள் கறித்தூள் போடுவதாகத் தேவி அக்கா சொன்னார். மார்த்தாவின் சமையல் ரகசியம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வார்களாம்.

மார்த்தா என் எதிரில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். தேவி அக்கா மொழிபெயர்ப்பில் எதையும் மறைக்கிற பழக்கம் இல்லாதவர்.

"நீங்கள்தானோ கல்யாணத்துக்குப் போன் எடுத்துச் சொல்லாத ஆள் எண்டு கேக்கிறா."

பஸ் சாரதியின் பார்வை அப்போதுதான் விளங்கியது. இந்த ஊருக்கு இலங்கையைப் பற்றித் தெரிந்தது மூன்று: தேயிலை, யானை, நான்.

பிறகு மார்த்தா சொன்னதையெல்லாம் அக்கா வசனம் வசனமாகத் தந்தார். போன மாரி வரைக்கும் குணா ஒரே ஒரு தடவைதான் விடுப்புக் கேட்டாராம். ஆறு வருடங்களுக்கு முன்னால், தங்கை மகளின் கல்யாணத்துக்கு. கல்யாணங்கள் தையிலும் மாசியிலும் வருகின்றன. லிஃப்ட் ஓடுவதும் அப்போதுதான். இந்த ஊருக்கு வருகிற மிச்சம் மீதிச் சனமும் அந்த லிஃப்டை நம்பித்தான் வருகிறது, அதை நிறுத்த முடியாது. எனவே மார்த்தாவின் கணவர் இரண்டு கிழமை, பதினான்கு நாளும், குணாவோடு கூடவே நின்று வேலை பழகினார். குணா பட்டணத்துக்குப் போய்ப் பட்டு வேட்டி வாங்கி வந்து எல்லோருக்கும் காட்டினார். கொழும்பிலிருந்து டெலிபோன் வரும், வந்ததும் டிக்கெட் எடுப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கைபேசியில் ஒரு படம் வந்தது. கல்யாண நாளன்று அவர் வழக்கம்போல ஏழு மணிக்கு லிஃப்டடிக்கு வந்து நின்றார்.

"என்ர மனுசன் பழகினது தேவைப்படாமலே போச்சு எண்டு சொல்லுறா. அவர் இப்ப இல்லை."

மார்த்தா இன்னொரு அகப்பை சூப் ஊற்றினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த மொழியிலும் தைரியம் வரவில்லை. அன்று பிற்பகல் முழுவதும், பெற்றோல் பற்றி நான் எழுதிய கட்டுரையின் நல்ல வசனங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி ஒவ்வொன்றுக்கும் வெட்கப்பட்டேன். நல்ல வசனங்கள் அதிகம் இல்லாதது அன்றுதான் உதவியாக இருந்தது.

வெற்றிலை ஞாபகம் வந்தது. குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை. என் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கொக்கி இருந்தது. கொழும்பில் நாங்கள் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு காப்பாற்றுகிற குளிர், இங்கே ஊர் முழுக்க இலவசமாகக் கிடந்தது. பொதியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, சூழ்நிலைக்கு ஏற்பச் சிந்திக்கிறேன் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பொதியைப் பிரித்தேன். மொறமொறத்தது. அறைச் சூட்டில் இரண்டு நிமிடம் இருந்ததும் கரும்பச்சையாகி, பிறகு கறுத்து, அடுப்பில் விழுந்த இலைபோலத் துவண்டு தண்ணீர் விட்டது. தேவி அக்கா வந்து பார்த்தார். ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். அந்தப் பட்டணக் கடைக்குப் போய்வர அரை நாள் வேண்டும்.

"வெறுங்கையோட போகாதேங்கோ" என்று ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சம்பழத்தை, கொண்டுவந்து தந்தார்.

போவது எங்கே என்பதும் சிக்கலாகிவிட்டது. மேல் நிலையத்தில் கம்பிச் சில்லில் உறைபனி கட்டியிருந்ததால் மச்சான் விடியவே மேலே போய்விட்டார். பிற்பகல்தான் இறங்குவாராம். அக்கா அவருக்கு டெலிபோன் எடுத்துப் பார்த்தார். வேலை நேரத்தில் அவர் பதில் சொல்ல மாட்டார். டெலிபோனை நம்பி ஒருவர் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அன்று கால் மணித்தியாலம் பாடம் நடந்தது.

லிஃப்டடிக்கு வந்தபோது பத்தே முக்கால். கீழே நங்கூரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மார்த்தா. நடந்து ஏறினால் ஒரு மணித்தியாலம், நல்ல நேரம் போய்விடும். லிஃப்டில் போகச் சறுக்குக் கட்டைகள் வேண்டும். மார்த்தா முதலில் முடியாது என்றார். அக்கா வெற்றிலையையும் கலண்டரையும் அட்டமியையும் அவருக்கு எப்படி விளங்கப்படுத்தினாரோ தெரியாது. கடைசியில் ஒரு சோடிக் கட்டைகள் என் காலுக்கு வந்தன. கட்டிலின் சட்டங்களைக் கழற்றிக் காலில் பூட்டிவிட்டதுபோல இருந்தது. தோளில் துணிப்பை, நெஞ்சில் அழைப்பிதழ், ஜாக்கெட் பையில் தேசிக்காய்.

மார்த்தா ஒரே ஒரு அறிவுரை சொன்னார். அக்கா மூன்று தரம் மொழிபெயர்த்தார். "இருக்கக் கூடாது. நிக்கவேணும். அது உங்களைத் தள்ளும். இருந்திடாதேங்கோ."

ஆனால் காலி வீதி பஸ்ஸில் வளர்ந்த உடம்பு அறிவுரை கேட்பதில்லை. ஓடுகிற ஒரு சாமானில் பின்புறம் வைக்கத்தக்க ஓர் இடம் தென்பட்டால், இன்னொருவர் இருக்குமுன் இருந்துவிட வேண்டும் என்பது எங்கள் எலும்பில் எழுதப்பட்ட சட்டம். சரிவில் மூன்றில் ஒரு பங்கு தூரம் வீரனாக நின்றுகொண்டே போனேன். களைத்தது. பின்னால் இடம் இருந்தது. இருந்தேன்.

தண்டு மளமளவென்று நீண்டது. நான் பனியில். கட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பெருக்கல் குறி போட்டன. துணிப்பை வாயைப் பிளந்தது. பித்தளைத் தட்டம் வெளியே வந்து, சரிவைப் பார்த்து, எந்தப் பயிற்சியும் இல்லாமல் மிக நேர்த்தியாகச் சறுக்கிக்கொண்டு கீழே போனது. தேசிக்காய் அதைத் துரத்தியது. சிமிழ் மட்டும் என் அருகிலேயே திறந்து, என் தலையையும் தோளையும் சுற்றியிருந்த வெள்ளையெல்லாம் சிவப்பாக்கியது.

கீழே மார்த்தா கண்டது, சரிவில் அசையாமல் கிடக்கிற ஓர் இலங்கைக்காரனையும் அவனைச் சுற்றிச் சிவப்பையும். லிஃப்ட் நின்றது. ரேடியோவில் அவர் சொன்ன ஒரே சொல் 'இரத்தம்' என்று பிறகு அறிந்தேன்.

மேலிருந்து ஒரு செம்மஞ்சள் புள்ளி புறப்பட்டது. இடமும் வலமுமாக இரண்டு வளைவு வளைந்து, நேரே என்னை நோக்கி வந்தது. வெள்ளவத்தைச் சந்து ஒன்றில் சைக்கிள் பழகும்போது வேலியில் விழுந்தவர் என்று மாலினி சொன்ன அதே அண்ணன், பனியைச் சீவிக்கொண்டு வந்து ஒரு சாண் தூரத்தில் நின்றார். முழங்காலில் விழுந்தார். அவருடைய முகம் பனியைவிட வெளுத்திருந்தது.

"மச்சான், எங்க அடி? அசையாதையும். தலையிலயோ?"

ஆறு வருடத்தில் அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டது அப்போதுதான்.

"குங்குமம்" என்றேன்.

"என்ன?"

"இரத்தமில்லை. குங்குமம். மாலினி தந்துவிட்டது."

கையுறையைக் கழற்றிச் சிவப்பைத் தொட்டார். மணந்து பார்த்தார். ரேடியோவில் ஏதோ சொன்னார். பிறகு பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. சிரிப்பா, வேறேதாவதா என்று நான் பார்க்கப் போகவில்லை. பார்க்காமல் விடுவதும் ஒரு மரியாதை.

மணி பதினொன்று இருபது. நெஞ்சிலிருந்து அழைப்பிதழை எடுத்தேன். எழும்பி நின்று கொடுக்கத்தான் விரும்பினேன். கட்டைகள் விடவில்லை. கிடந்தபடியே இரண்டு கையாலும் நீட்டினேன்.

"சின்னவளின்ர கல்யாணம், மச்சான். மாசியில. முதல் கார்ட் இது. நீங்கள் வந்து நிண்டு நடத்தித் தரவேணும்." பிறகு உண்மையையும் சொன்னேன். "வெத்திலை கருகிப்போச்சு. வெளியில வைச்சிட்டன்."

"வெளியிலயோ?"

"கெடாமல் இருக்கட்டும் எண்டு."

அவர் எதிர்மலைப் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா இந்தக் குளிருக்குள்ள இருக்கிறன். இப்பிடி ஒரு யோசனை எனக்கு வரேல்லை."

அழைப்பிதழைப் பிரித்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். மடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு போன், மச்சான். நீர் ஒரு போன் எடுத்திருந்தால் காணும். நான் வேட்டியும் எடுத்து வைச்சிட்டு இருந்தனான்."

எந்த விஷயத்தைப் பற்றியும் மூன்று பக்கம் எழுதுகிறவன் நான். அன்று என்னிடம் மூன்று சொற்கள்தான் இருந்தன. "பிழை என்ர பிழைதான்."

அவர் பனியில் இருந்த குங்குமத்தை மோதிர விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அழைப்பிதழைச் செம்மஞ்சள் ஜாக்கெட்டின் உள்பக்கம் வைத்து ஸிப்பை இழுத்தார். என்னைத் தூக்கி நிறுத்தினார். வருவீர்களா என்று நான் கேட்டேன்.

"பாப்பம்."

எங்கள் ஆட்கள் 'பாப்பம்' என்றால், அது ஓமாகவும் இருக்கலாம், இல்லையாகவும் இருக்கலாம், இனிக் கேட்காதே என்பதாகவும் இருக்கலாம். என்னைப் பிடித்துக்கொண்டு கீழே இறக்கினார். நான் ஒரு மூட்டைபோல அவர்மேல் சாய்ந்துகொண்டு வந்தேன். வழியில் கிடந்த தேசிக்காயைக் குனிந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கீழே மார்த்தா தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குணாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். மச்சான் திடீரென்று லிஃப்டின் இயந்திரத்தைப் பரிசோதிக்கப் போய்விட்டார். தேவி அக்கா மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார்.

"நீங்கள் வாறீங்கள் எண்டு மாலினி சொன்ன நாளே இவர் தன்னட்ட வந்து கேட்டவராம், மாசியில ஒரு கிழமை லிஃப்டைப் பாப்பீங்களோ எண்டு. மூண்டு கிழமையாப் பழகிறன், இந்தமுறை வீணாகப் போகாதுதானே எண்டு கேக்கிறா."

வெள்ளிக்கிழமை அட்டமி. நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது என்பதால், சூப்புக் கடையின் வாசலில் வெயிலில் இருந்து மார்த்தா வேலை செய்வதைப் பார்த்தேன். அவர் நங்கூரத்தைப் பிடித்துக் கொடுக்கிறார், பக்கத்தில் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பிழை பிடிக்கிறார். சனம் அதிகமில்லை. இந்தச் சரிவு இன்னும் எத்தனை மாரிக்குத் தாங்கும் என்று யாருக்கும் தெரியாதாம். கீழ் மலைகளில் இப்போதெல்லாம் பனி பிந்தித்தான் விழுகிறது. ஆனால் அன்று விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக, அவசரமில்லாமல், சத்தமே இல்லாமல். எங்கள் மழை விழும்போது ஊருக்கே அறிவித்துவிட்டுத்தான் விழும். சொல்லாமல் வந்து இவ்வளவு பெரிய மலையை மூடிவிடுகிற பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை பஸ் தரிப்புவரை மச்சான் வந்தார். பஸ் சாரதி அதே ஆள். என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், ஒரு விரலைத் தொப்பியில் வைத்து எனக்கு வணக்கம் சொன்னார்.

கொழும்பில் மாலினி முதலில் கேட்டது, அண்ணா என்ன சொன்னார் என்பது. 'பாப்பம்' என்றார் என்றேன். எந்தக் குரலில் சொன்னார், முகம் எப்படியிருந்தது, சொல்லும்போது கை எங்கே இருந்தது என்று அரை மணித்தியாலம் குறுக்கு விசாரணை நடந்தது. புதுக்கடை நீதிமன்றத்தில்கூடச் சாட்சிக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் என் கைபேசி சிணுங்கியது. ஆறு வருடத்துக்குப் பிறகு மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். இரண்டு விமான டிக்கெட்டுகள். கீழே ஒரு வரி: 'அந்த வேட்டி இப்போது இடுப்பைச் சுற்றக் காணாது. மாலினியிடம் வேறு எடுக்கச் சொல்லவும்.' மாலினி அதை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அல்பத்தோடு வந்து உட்கார்ந்தாள். அன்று எந்தத் தாளையும் சேர்த்துப் புரட்டவில்லை.

கொட்டாஞ்சேனை அச்சகக்காரர் மிச்ச அட்டைகளை அடித்துத் தந்தார். நான் திருந்தியிருந்தேன். வாட்ஸ்அப்புக்கு ஒரு படமும் போகக் கூடாது, ஒவ்வொரு அட்டையும் என் கையால் போக வேண்டும் என்று அறிவித்தேன். மாடி மாடியாக ஏறினோம். தேநீர் தேநீராகக் குடித்தோம். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், இரண்டு பஸ் மாறி, களனியில் ஆற்றோரச் சந்து ஒன்றுக்குள் வழி கேட்டுக் கேட்டுப் போய், குழாய் திருத்துகிற சுனிலின் வீட்டுக் கதவைத் தட்டினேன். நானும் மாலினியும் முற்றத்தில் நின்று, கருகாத வெற்றிலையோடு தட்டத்தை நீட்டினோம். சுனில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, மிகுந்த மரியாதையோடு இரண்டு கையாலும் வாங்கினார். எங்களை இருத்தி, தம்பிலி இளநீர் வெட்டித் தந்தார். நான் வியர்வையைத் துடைப்பதைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்:

"இதுக்கு ஏன் மஹத்தயா இந்த வெயிலில இவ்வளவு தூரம்? போன முறை மாதிரி போனில ஒரு படத்தைப் போட்டிருந்தாலே நாங்கள் வந்திருப்போமே."